மூன்று முறை நின்ற சேலம் விமானம்!

கொல்லிமலை உச்சியில் நின்று வானத்தைப் பார்த்தால், சில நாட்களில் வெகு உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுவது தெரியும். கோட்டின் முனையில் குண்டூசித் தலை அளவுக்கு ஏதோ ஒன்று மின்னும்.

அதுதான் ஜெட் விமானம்.

மாடு மேய்க்கும் பையன் அதை அண்ணாந்து பார்க்கிறான். மிளகுக் கொடி படர்ந்த மரத்தடியில் நிற்கும் பெரியவரும் பார்க்கிறார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடுகிறது!

கொல்லிமலைக்காரர் சென்னைக்குப் போக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

செம்மேட்டில் பஸ் ஏற வேண்டும். அடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கு வந்து சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பிறகு நாமக்கல் அல்லது ராசிபுரம். அங்கிருந்து சேலம். சேலத்தில் இன்னொரு பஸ் அல்லது ரெயில். காலையில் கிளம்பினால் சென்னையில் விளக்கு ஏற்றிவிடுவார்கள். மாலையில் கிளம்பினால் பொழுது விடிந்துவிடும்.

ஆனால் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. ஓமலூர் அருகே காமலாபுரம் என்ற கிராமத்தில் இருக்கிறது. அங்கு விமானம் ஏறினால் சென்னை ஒரு மணி நேரப் பிரயாணம்தான்.

"அப்படியானால் அதில் போகவேண்டியதுதானே?" என்று கேட்கலாம்.

விமானம் இருந்தால் போகலாம். 1993-ம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்கு விமானம் நான்கு முறை வந்திருக்கிறது. மூன்று முறை நின்று போயிருக்கிறது! விமானம் இல்லாத ஆண்டுகளில் நீளமான ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது.

ஏன் வந்தது? ஏன் நின்றது? டில்லியில் மத்திய மந்திரிசபை போட்ட ஒரு கொள்கைக்கும் சேலத்து ஓடுபாதைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அந்தக் கதைதான் இது.

சர்க்கார் மட்டுமே ஓட்டிய காலம்

சுதந்திரம் வந்த புதிதில் இந்தியாவில் பல தனியார் விமானக் கம்பெனிகள் இருந்தன. பல கம்பெனிகளுக்கு நஷ்டம். 1953-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கம்பெனிகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. உள்நாட்டில் பறக்க இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்குப் பறக்க ஏர் இந்தியா என்று இரண்டே கார்ப்பரேஷன்கள். வேறு யாரும் நேரம் குறித்து, டிக்கெட் போட்டு, விமானம் ஓட்டக்கூடாது.

சிறு ஊர்களுக்காக 1981-ல் வாயுதூத் என்று ஒரு கம்பெனியை சர்க்கார் தொடங்கியது. சின்ன விமானங்கள், சின்ன ஊர்கள். அதிலும் நஷ்டம்தான். 1993-ல் அதை இந்தியன் ஏர்லைன்சோடு சேர்த்துவிட்டார்கள்.

1990-களின் தொடக்கத்தில் கதவு திறந்தது. தனியாரும் விமானம் ஓட்டலாம் என்றார்கள். 1994-ல் பழைய சட்டமே ரத்து ஆயிற்று. ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோதிலுப்ட், ஜெட் ஏர்வேஸ் என்று புதுப் புதுப் பெயர்கள் வானத்தில் தோன்றின. சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. என்ற கம்பெனியும் அவற்றில் ஒன்று.

சேலம் விமான நிலையம் திறந்தபோது முதலில் வந்தது இந்த என்.இ.பி.சி. விமானம்தான்.

ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். டிக்கெட் வாங்கத்தான் அவ்வளவு பேர் கூடவில்லை! விமானம் சில காலம் வந்தது. பிறகு நின்றது. பின்னால் அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது.

அப்புறம் பத்து ஆண்டுகளுக்கு மேல் காமலாபுரத்தில் எந்தப் பிரயாணியும் இறங்கவில்லை.

2009 நவம்பரில் கிங்பிஷர் வந்தது. சிவப்பு விமானம். சென்னைக்குப் பறந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2012 அக்டோபரில் கிங்பிஷர் கம்பெனி நாடு முழுவதும் பறப்பதையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே சேலத்துக்கு அது கும்பிடு போட்டுவிட்டது.

பஸ் முதலாளியின் கணக்கு

விமானக் கம்பெனியின் கணக்கு பஸ் முதலாளியின் கணக்கைப் போன்றதுதான்.

ஒருவரிடம் ஒரு பஸ் இருக்கிறது. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் ஓட்டினால் எப்போதும் கூட்டம். கொல்லிமலைக்கு ஓட்டினால்? மலை ஏற டீசல் அதிகம். டயர் தேயும். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரர்கள் நிறைவார்கள். மற்ற நாட்களில் பாதி இடம் காலி. கேட்பார் இல்லாவிட்டால் அவர் எந்தத் தடத்தில் ஓட்டுவார்?

விமானமும் இப்படித்தான். டில்லிக்கும் மும்பைக்கும் இடையே பறந்தால் இடம் நிறையும். சேலத்துக்கு வந்தால் நிறையுமா என்று சொல்ல முடியாது. காலியாகப் போகும் ஒவ்வொரு இடமும் கம்பெனிக்கு நஷ்டம். விமானத்துக்கு வாடகை உண்டு. பைலட்டுக்குச் சம்பளம் உண்டு. எண்ணெய்ச் செலவு உண்டு. பிரயாணி வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் செலவுகள் நிற்பதில்லை.

இதைத் தெரிந்துதான் சர்க்கார் 1994-ல் ஒரு விதி போட்டது. லாபமுள்ள பெரிய தடங்களில் பறக்கும் கம்பெனிகள், அங்கே 100 இடம் ஓட்டினால், குறைந்தது 10 இடமாவது வடகிழக்கு மாநிலங்கள், காஷ்மீர், அந்தமான், இலட்சத்தீவு போன்ற இடங்களுக்கு ஓட்டியாக வேண்டும். "நல்ல தடம் வேண்டுமா? மலைத்தடத்திலும் ஒரு நடை போட்டு வா" என்று பஸ் முதலாளியிடம் சொல்வது போன்ற விதி இது.

நல்ல விதிதான். இதனால் அசாமுக்கும் அந்தமானுக்கும் விமானம் போயிற்று. ஆனால் சேலத்துக்கு இதனால் பெரிய பலன் இல்லை. சேலம் தீவும் அல்ல, எல்லைப்புறமும் அல்ல. கொல்லிமலை மலைதான், ஆனால் அந்த விதியில் சொன்ன மலை அல்ல!

ஐந்து வருடம், இருபது விமானம்

2004-ல் இன்னொரு விதி வந்தது. இந்திய விமானக் கம்பெனி ஒன்று வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால், முதலில் ஐந்து வருடம் உள்நாட்டில் பறந்திருக்க வேண்டும். அதோடு 20 விமானங்களும் வைத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி நேற்றுப் பிறந்திருந்தாலும், அதன் நாட்டு சர்க்காரும் நம் சர்க்காரும் ஒப்புக்கொண்டால் போதும். இந்தியாவுக்கு வந்து பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு போகலாம். இந்தியக் கம்பெனி மட்டும் ஐந்து வருடம் வாசலில் காத்துக்கிடக்க வேண்டும்!

கேப்டன் கோபிநாத்தை ஞாபகம் இருக்கும். 2003-ல் ஏர் டெக்கான் என்ற கம்பெனியைத் தொடங்கி, ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றுக் காட்டியவர். அவருடைய வாழ்க்கையைத் தழுவி எடுத்த படம்தான் 2020-ல் சூர்யா நடித்து வந்த "சூரரைப் போற்று". அந்த ஏர் டெக்கானை 2007-ல் கிங்பிஷர் வளைத்துப்போட்டது. காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று மட்டும் கண்கூடு. கிங்பிஷர் பிறந்தது 2005-ல். தன் சொந்த வயதை வைத்துக்கொண்டு பார்த்தால் 2010 வரை அது வெளிநாடு போக முடியாது. ஏர் டெக்கானுக்கு 2008-ல் ஐந்து வயது நிறைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கிங்பிஷர் விமானம் பெங்களூரிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிவிட்டது!

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க அண்ணனுடைய பிறந்த தேதியைக் காட்டிய கதைதான்.

2016-ல் வந்த புதுக் கொள்கை

2016 ஜூன் 15-ந் தேதி மத்திய மந்திரிசபை தேசிய சிவில் விமானப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அப்போது விமானப் போக்குவரத்து மந்திரியாக இருந்தவர் அசோக் கஜபதி ராஜு. விமானத் துறை முழுவதையும் சேர்த்து ஒரே கொள்கையாக இந்தியா எழுதியது அதுதான் முதல் தடவை.

ஐந்து வருட விதி போயிற்று. இனி எந்தக் கம்பெனியும் முதல் வருடமே வெளிநாடு போகலாம். ஆனால் 20 விமானங்களையோ, தன் மொத்த இடங்களில் நூற்றுக்கு 20-ஐயோ, இதில் எது அதிகமோ அதை, உள்நாட்டில் ஓட்ட வேண்டும். சொந்த ஜனங்களை விட்டுவிட்டு லண்டனுக்கும் துபாய்க்கும் மட்டும் பறக்கக்கூடாது என்பதற்காக இந்தக் கடிவாளம்.

கொல்லிமலைக்காரருக்கு இதனால் என்ன?

இதனால் ஒன்றும் இல்லை. ஆனால் அதே கொள்கையில் இன்னொரு பகுதி இருந்தது. நாட்டில் கட்டிப்போட்டுச் சும்மா கிடக்கும் விமான நிலையங்களைத் திறக்க வேண்டும். சாதாரண மனிதரும் பறக்க வேண்டும் என்றது அது. 2016 அக்டோபரில் அதற்குத் திட்டம் வகுத்து "உடான்" என்று பெயர் வைத்தார்கள். இந்தியில் அதற்குப் பறத்தல் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் "உடான்ஸ்" என்றால் அர்த்தம் வேறு! அந்த வம்பு இங்கே வேண்டாம்.

உடான் எப்படி வேலை செய்கிறது?

முதலில் சர்க்கார் தடங்களை ஏலம் விடுகிறது. ஆனால் இது தலைகீழ் ஏலம். சாதாரண ஏலத்தில் அதிகம் கேட்பவருக்குப் பொருள். இங்கே குறைந்த மானியம் கேட்பவருக்குத் தடம்!

"சேலம் – சென்னை தடத்தில் நான் ஓட்டுகிறேன். நஷ்டம் வரும். அதை ஈடுகட்ட இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று கம்பெனிகள் எழுதிக் கொடுக்கும். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே தடம். மூன்று வருடத்துக்கு அந்தத் தடத்தில் வேறு கம்பெனி போட்டிக்கு வராது. மூன்று வருடத்துக்கு மானியமும் கிடைக்கும்.

பதிலுக்குக் கம்பெனி என்ன செய்ய வேண்டும்? விமானத்தில் பாதி இடங்களைச் சர்க்கார் சொன்ன விலைக்கு மேல் விற்கக்கூடாது. திட்டம் தொடங்கியபோது சுமார் 500 கிலோமீட்டர், அதாவது ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு, 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். தூரம் குறைந்தால் கட்டணமும் குறையும். மற்றப் பாதி இடங்களைக் கம்பெனி தன் இஷ்டப்படி விற்கலாம்.

மாநில சர்க்காருக்கும் இதில் பங்கு உண்டு. மானியத்தில் நூற்றுக்கு 20 மாநிலம் கொடுக்க வேண்டும். போலீஸ் காவலும் தீயணைப்பு வண்டியும் இலவசம். தண்ணீரும் மின்சாரமும் சலுகை விலையில். உடான் நிலையத்தில் நிரப்பும் விமான எண்ணெய்க்கு மாநில வரி நூற்றுக்கு ஒன்றுதான். ஜெட் விமானங்கள் நிரப்பும் எண்ணெய்க்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 29 வரி இருந்த காலம் அது என்பதை நினைத்தால் சலுகையின் பெருமை விளங்கும்.

மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய தடங்களில் பறக்கும் விமானங்கள் ஒவ்வொன்றும் கிளம்பும்போது ஒரு தொகை கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அது டிக்கெட்டில்தான் வந்து விழும். அதாவது டில்லியிலிருந்து மும்பைக்குப் போகிறவர் கொடுக்கும் காசில் கொஞ்சம், சேலத்துக்கு வருகிறவரின் டிக்கெட்டைக் குறைக்க உதவுகிறது. கம்பெனிகள் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயின. ஆனாலும் வசூல் நடந்தது.

முதல் உடான் விமானம் 2017 ஏப்ரல் 27-ந் தேதி பறந்தது. அதுவும் ஒரு மலை ஊரிலிருந்துதான். சிம்லாவிலிருந்து டில்லிக்குப் போன அந்த விமானத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். சிம்லா ஓடுபாதை மலையைச் சீவி அமைத்தது, மிகவும் குட்டை. அதனால் எல்லா இடத்தையும் நிரப்பிக்கொண்டு விமானம் மேலே எழும்ப முடியாது. மலைக்கும் விமானத்துக்கும் அவ்வளவு சுலபமாக ஒத்துப்போவதில்லை.

மூன்றாவது தடவை

முதல் ஏலத்திலேயே சேலமும் வந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த ட்ரூஜெட் கம்பெனிக்குச் சென்னை – சேலம் தடம் கிடைத்தது. 2018 மார்ச் 25-ந் தேதி விமானம் வந்து இறங்கியது. அப்போது முதல்–அமைச்சராக இருந்தவர் சேலம் ஜில்லாக்காரரான எடப்பாடி பழனிசாமி.

வந்தது பெரிய ஜெட் அல்ல. ஏ.டி.ஆர். 72 என்ற விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும். எழுபது பேர் அளவில் உட்காரலாம். சேலத்தின் 1,806 மீட்டர் ஓடுபாதைக்கு அது போதும்.

இந்தத் தடவை இடங்கள் நிறைந்தன. வியாபாரிகள் ஏறினார்கள். வைத்தியத்துக்குப் போகிறவர்கள் ஏறினார்கள். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக விமானம் ஏறியவர்கள் பலர். "சன்னல் ஓரத்து இடம்தான் வேண்டும்" என்று பேரனைவிடப் பாட்டி பிடிவாதம் பிடிப்பது இந்த மாதிரி விமானங்களில் சகஜம்!

இரண்டே வருடம்தான் தொல்லை இல்லாமல் போயிற்று. 2020 மார்ச் 25 முதல் கொரோனா காரணமாக நாடு முழுவதும் உள்நாட்டு விமானங்களை நிறுத்திவிட்டார்கள். சரியாகச் சேலம் விமானத்தின் இரண்டாவது பிறந்த நாள்! மே 25-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. சேலம் விமானமும் மறுபடி வந்தது. ஆனால் கம்பெனியின் நிலை சரியில்லை.

2021-ல் சேலம் விமானம் நின்றது. 2022 தொடக்கத்தில் ட்ரூஜெட்டே பறப்பதை நிறுத்தியது.

2018-ல் தொடக்கம். 2021-ல் நிறுத்தம். மானியக் காலமும் மூன்று வருடம்தான். கொரோனா மட்டும் காரணமா, மானியம் முடிகிற நேரமும் சேர்ந்துகொண்டதா என்ற சந்தேகம் யாருக்கும் எழும். சேலத்துக்கு மட்டும் இப்படி நேர்ந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம்.

தணிக்கையாளர் போட்ட கணக்கு

மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் உடான் திட்டத்தின் கணக்கைப் புரட்டிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அதில் உள்ள எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதல் மூன்று சுற்றுகளில் ஏலம் போன தடங்கள் 774. அவற்றில் 403 தடங்களில் விமானம் ஒரு நாள்கூட வரவில்லை! ஏலம் எடுத்ததோடு சரி.

விமானம் வந்த தடங்கள் 371. அவற்றில் மூன்று வருடம் முழுமையாக ஓடியவை 112-தான்.

அந்த 112-ல், மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டு இருந்தவை 54.

774-ல் 54!

பந்தியில் நூறு இலை போட்டு, ஏழு பேருக்குச் சாப்பாடு போட்ட மாதிரி இருக்கிறது. திட்டம் வீண் என்று இதற்கு அர்த்தம் அல்ல. அந்த 54 தடங்களில் அப்போது தன் காலில் நிற்கும் விமானம் போய்க்கொண்டு இருந்தது. உடான் இல்லாவிட்டால் அதுவும் இருந்திராது. ஆனால் விமான நிலையத்துக்கு ரிப்பன் வெட்டுவதும் விமானம் நிலைப்பதும் ஒன்று அல்ல.

2016-ம் ஆண்டுக் கொள்கையில் இன்னொரு ஆசையும் இருந்தது. 2022-க்குள் வருடத்துக்கு 30 கோடி உள்நாட்டு டிக்கெட் விற்க வேண்டும் என்று எழுதினார்கள். 2022-ல் உள்நாட்டில் பறந்தவர்கள் சுமார் 12 கோடி. 2024-ல் சுமார் 16 கோடி. கொரோனா குறுக்கிட்டது உண்மை. குறுக்கிடாவிட்டாலும் 30 கோடி எட்டாக் கனிதான்.

நான்காவது தடவை

2023 அக்டோபர் 16-ந் தேதி சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது. உடான் திட்டத்தில் அலையன்ஸ் ஏர் கம்பெனி பெங்களூர் – சேலம் – கொச்சி தடத்தில் பறந்தது. ஏர் இந்தியாவை 2022 ஜனவரியில் டாட்டா வாங்கியபோதும், இந்த அலையன்ஸ் ஏர் சர்க்கார் கையிலேயே இருந்தது. அந்த மாதக் கடைசியிலேயே இண்டிகோ கம்பெனியும் சேலத்துக்கு வந்தது. சென்னை, ஐதராபாத், பெங்களூர் என்று வழி திறந்தது.

கொச்சி என்றதும் கொல்லிமலைக்காரர் காது கொடுத்துக் கேட்பார். மிளகு பறிக்கவும் காப்பிக் கொட்டை பறிக்கவும் கேரளாவுக்கும் குடகுக்கும் போகிற குடும்பங்கள் இந்த மலையில் உண்டு. அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பஸ்ஸில்தான் போகிறார்கள். கூலிக்குப் போகிற குடும்பத்தில் நான்கு பேர் விமானத்தில் போனால், சம்பாதிப்பதில் பெரும் பகுதி டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். பாதி இடத்துக்குத்தான் விலைக் கட்டுப்பாடு. அந்த இடங்களும் முதலில் பதிவு செய்கிறவருக்குத்தான் கிடைக்கும்.

ஆனால் அதே குடும்பத்தில் பையன் படித்து, பெங்களூரில் வேலைக்கு இருக்கலாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவில் போன் வரலாம். அந்த நேரத்தில் ஒரு மணி நேரப் பிரயாணத்தின் மதிப்பே வேறு.

விமானம் வராவிட்டால்?

டிக்கெட் வாங்கியாயிற்று. விடியற்காலையில் மலையை விட்டு இறங்கியாயிற்று. காமலாபுரத்துக்கு வந்தால், "இன்று விமானம் ரத்து" என்கிறார்கள். என்ன செய்வது?

கையைப் பிசைந்துகொண்டு திரும்ப வேண்டியது இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதற்கு விதிகள் வைத்திருக்கிறது.

ரத்து என்றால் கம்பெனி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வேறு விமானத்தில் இடம் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். உரிய காலத்தில் தெரிவிக்காவிட்டால் நஷ்ட ஈடும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பிரயாணத்துக்கு 5,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எண்ணெய்க் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது.

டிக்கெட் கையில் இருக்கிறது, நேரத்தோடு வந்துவிட்டோம், ஆனால் "இடம் நிறைந்துவிட்டது" என்கிறார்கள். இடத்துக்கு மேல் டிக்கெட் விற்பது கம்பெனிகளின் வழக்கம். அப்போது ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் நஷ்ட ஈடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் அந்தக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை.

சேலம் விமானம் போன்ற குறுகிய பிரயாணத்தில், நேரத்தோடு வந்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் சாப்பாடோ சிற்றுண்டியோ கொடுக்க வேண்டும். கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது சரியான போன் நம்பர் கொடுத்திருக்க வேண்டும். நம்பர் இல்லாவிட்டால் ரத்துக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது. பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி டிக்கெட் எடுக்கிறவர்கள், அவருடைய நம்பரைப் போடாமல் தங்கள் நம்பரைப் போடச் சொல்வது நல்லது. இன்னொன்று: புயல், மூடுபனி போன்ற கம்பெனியின் கையில் இல்லாத காரணங்களுக்கு நஷ்ட ஈடு கிடையாது.

மூட்டைக்கும் கணக்கு உண்டு. சாதாரணமாக உள்நாட்டு விமானத்தில் ஒருவர் 15 கிலோ வரை பெட்டி போடலாம். கொல்லிமலைப் பலாப்பழம் ஒன்றே சில சமயம் அந்தக் கணக்கை முடித்துவிடும்!

நிலம் யாருடையது?

பெரிய ஜெட் விமானம் சேலத்தில் இறங்க முடியாது. ஓடுபாதை போதாது. நீளமாக்க வேண்டுமானால் நிலம் வேண்டும்.

2018-ல் சுமார் 570 ஏக்கர் எடுக்க ஏற்பாடு நடந்தது. காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி ஆகிய கிராமங்களில் உள்ள நிலம் அது. விவசாயிகள் எதிர்த்தார்கள். முதல் தடவை நிலையம் கட்டியபோதே நிலம் கொடுத்த ஊர்கள் இவை. கிணறும் தென்னையும் வீடும் உள்ள பூமியை மறுபடியும் கேட்டால் எப்படிக் கொடுப்பது என்றார்கள். விமானத்தில் ஏறுகிறவர் வேறு. ஓடுபாதைக்கு நிலம் கொடுக்கிறவர் வேறு. மானியக் கணக்கில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

மலைக்கும் வருமா?

2025 பிப்ரவரி 1-ந் தேதி பட்ஜெட்டில் உடான் திட்டத்தை மாற்றி அமைத்து நீட்டிப்பதாக நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அறிவித்தார். பத்து வருடத்தில் 120 புதிய ஊர்கள், 4 கோடிப் பிரயாணிகள் என்பது இலக்கு. மலைப் பகுதிகளில் ஹெலிகாப்டர் இறங்கும் தளங்களுக்கும் சிறு விமான நிலையங்களுக்கும் உதவி உண்டு என்றார். உத்தரகாண்டிலும் இமாசலப் பிரதேசத்திலும் உடான் திட்டத்தில் ஹெலிகாப்டர்கள் மலை ஊர்களுக்குப் போய் வந்திருக்கின்றன.

கொல்லிமலையும் கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்குக் குறையாத மலைதான். வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பால் பல மிருகங்களை வீழ்த்தினான் என்று சங்கப் பாட்டு சொல்லும் ஓரிக்கு ஆடி மாதத்தில் சர்க்கார் விழா எடுக்கிறது. விழாவுக்கு வரும் மந்திரிகளும் கார் ஏறி, 70 வளைவுகளையும் எண்ணிக்கொண்டுதான் வருகிறார்கள்.

சென்னையில் விமானம் ஏறிய கொல்லிமலைக்காரர் காமலாபுரத்தில் இறங்குகிறார். கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கிறார். ஓமலூர் ரோடு, சேலம், ராசிபுரம், காரவள்ளி, பிறகு வளைவுகள். செம்மேட்டில் இறங்குவதற்குள் விமானத்தில் வந்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நேரம் ஆகிவிடுகிறது.